வாயில்லாச் சீவனும் வாயுள்ள நாமும்

மும்பை மாநகரில் தமிழர் வேரூன்றி வாழும் இடங்களைச் சொல்லப் புகுந்தால் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்னும் மூன்று பெயர்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நாவில் வரும். அச்செம்பூரின் ஓர் ஓரத்தில், துறைமுக ரயில் பாதையை ஒட்டி அமைந்த திலக் நகர் எங்கள் இருப்பிடம். வீட்டுவசதி வாரியம் எழுப்பிய பழைய கட்டடங்கள் பல இன்று இடிக்கப்பட்டு வானுயர் மாடங்களாகிவிட்டன. எனினும் விநாயகர் சதுர்த்திக்குக் கூடும் பெருங்கூட்டமும், செட்டா நகர் முருகன் கோயிலுக்குச் செவ்வாய்தோறும் நடந்து செல்லும் நம்மவரும், கட்டட வாயிலில் காவலிருக்கும் நாய்களும் மாறவில்லை.

அந்நாய்களுள் பலவற்றின் ஒரு காதின் நுனியில் சிறு வெட்டு ஒன்றைக் காணலாம். கருத்தடை அறுவை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது. தெருநாய்களைக் கொல்வதை விடுத்து அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பதே அறமும் அறிவுமாகும் என்று, கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் இயக்கம் நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது. 2001-இல் இந்திய அரசு அதனை விதியாகவே வகுத்தது; 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பெற்றன. தெருவின் நலன் கருதிச் செய்யப்படும் இவ்வறுவையால் அந்தப் பெண் நாய்களுக்கு மற்றொரு நன்மையும் வாய்க்கிறது. கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்ட நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டும் நோய் பெரும்பாலும் வருவதில்லை. செல்லமாக வளர்த்து, அறுவைக்கு அஞ்சி அப்படியே விட்டுவைக்கும் வீட்டு நாய்க்குத்தான் அது வருகிறது. தெருவில் திரிவதற்கு இல்லாத துன்பம், மெத்தையில் உறங்குவதற்கு இருக்கிறது என்பது சிந்திக்கத்தக்க முரண் அல்லவா?

எங்கள் வீட்டிலும் அத்தகைய ஒரு செல்லம் இருந்தது. 2009-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கட்டடத்து மாடிப்படியின் கீழ் நனைந்து நடுங்கிக் கிடந்த குட்டி அது. செந்நிறம் பற்றி என் அன்னையார் அதற்குச் 'செவலை' என்று பெயரிட்டார். தந்தையார் மறைந்தபின் நெல்லைச் சீமையிலிருந்து என்னுடன் வந்து தங்கியவர் அம்மா. அவருக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. நானும் என் மனைவியும் அலுவலகம் சென்றபின், காலை முதல் அந்தி வரை இவ்வீட்டில் அவர் பேசுகிற தமிழைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே செவி செவலையின் செவிதான். ஊரில் மழை பெய்ததா என்பது முதல் குழம்பில் புளி கூடிப்போனது வரை அதனிடம் சொல்லி ஆறுவார்.

2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒருநாள் மாலை நான் வீடு திரும்பியதும் அம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"ஐயா, செவலை மூணு நாளா தண்ணியாக் குடிக்கு. குண்டான் குண்டானா வைக்கேன், தீந்துபோகுது. சோத்த மோந்துகூடப் பாக்க மாட்டேங்கு. பின்னாலயே நக்கிக்கிட்டுக் கெடக்கு. எனக்கு என்னமோ சரியாத் தோணல."

இவ்வளவு சொன்னவர் சற்றே தயங்கினார். பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "வெள்ள படுது ஐயா. வாடை அடிக்கு. பொங்கலுக்குத்தான் தீட்டு வந்து நின்னுச்சு" என்றார்.

அன்றிரவே மருத்துவரிடம் சென்றோம். செம்பூரில் சிறு மருத்துவமனை நடத்தி வந்த மராத்திய அம்மையார் அவர். பரேலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அக்கல்லூரி 1886-இல் தோன்றியது. அதற்கும் முன்னர், 1874-இல், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சங்கம் பம்பாயில் உருவாயிற்று. தின்ஷா மானக்ஜி பெட்டிட் என்னும் பார்சிப் பெருந்தகை தம் மனைவி சாகர்பாயின் பெயரால் பரேலில் விலங்கு மருத்துவமனை அமையத் துணைநின்றார். வண்டி இழுத்த எருதுகளும் குதிரைகளுமே அன்று அங்கு மிகுதியாக வந்த நோயாளிகள். அதனால் இன்றும் இந்நகரத்து மக்கள் அதனைப் 'பைல் கோடா ஆஸ்பத்திரி', அதாவது மாட்டுக் குதிரை மருத்துவமனை, என்றே வழங்குகின்றனர்.

மருத்துவர் கேட்ட முதல் வினாவே அம்மாவை நோக்கியதாக இருந்தது. கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது? அதனை நான் தமிழாக்கி அம்மாவிடம் கேட்க வேண்டும். அவர் சொல்வதை இந்தியாக்கி மருத்துவரிடம் உரைக்க வேண்டும். தீட்டு, வெள்ளைபடுதல், வாடை, நிறம் என ஒவ்வொன்றும் மகனின் வாய் வழியே சென்று மீள வேண்டியிருந்தது. தாய்க்கும் மகனுக்கும் இடையே ஒருநாளும் புழங்காத சொற்கள் அவை. அம்மா தலை குனிந்தபடியே பேசினார். ஆயினும் ஒன்றையும் மறைக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள் தொடங்கிப் பன்னிரண்டு நாள் இருந்தது என்று அவர் சொன்னதும் மருத்துவர் எழுதுகோலை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு தெளிவாகச் சொல்பவர்கள் அரிது" என்றார். அதையும் நானே மொழிபெயர்த்தேன்.

குருதியில் வெள்ளணுக்கள் பெருகியிருந்தன. ஒலியலைக் கருவியின் திரையில், நூல்போல் மெலிந்திருக்க வேண்டிய கருப்பை, நீர் நிறைந்த குழல்களாக வீங்கித் தோன்றியது. மருத்துவ நூலார் இந்நோயைப் பயோமெட்ரா என்பர். கருப்பைச் சீழ் என்று நாம் சொல்லலாம்.

இந்நோய் வரும் வழியை அறிந்துகொள்வது நாய் வளர்ப்போர் யாவர்க்கும் நன்று. பெண் நாய் பருவத்துக்கு வந்து தணிந்தபின், கருவுற்றாலும் உறாவிட்டாலும், ஏறத்தாழ இரண்டு மாதம் அதன் உடலில் புரோஜெஸ்டரோன் என்னும் சுரப்பு மேலோங்கி நிற்கும். வரவிருக்கும் குட்டிகளுக்காக அது கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்யும், சுரப்பிகளைப் பெருக்கும், கருப்பை சுருங்கி எதையும் வெளித்தள்ளாதபடி அதனை அமைதிப்படுத்தும், அங்கே கிருமியை எதிர்க்கும் ஆற்றலையும் தணித்து வைக்கும். குட்டி வராத ஆண்டுகளிலும் பருவந்தோறும் இவ்வேற்பாடு தவறாமல் நிகழ்கிறது. விருந்தாளி வராத வீட்டில் விருந்து சமைத்து வைத்தாற்போல், அவ்விடம் கிருமிகளுக்கு நல்ல விளைநிலமாகிவிடுகிறது. பருவ காலத்தில் திறந்திருந்த வாயில் வழியே, குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிர் உள்ளேறிப் பெருகுகிறது. அதன் நச்சுப்பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும்போது நீரைத் தேக்கும் ஆற்றல் குன்றி, நாய் ஓயாது நீர் பருகுகிறது. ஓயாது சிறுநீர் கழிக்கிறது. அம்மா கண்ட குண்டான் கணக்கின் காரணம் இதுவே.

இந்நோயில் இரு வகை உண்டு. கருப்பையின் கழுத்து திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும். வீட்டார் கண்ணில் படும். மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது, வயிறு உப்பும், நஞ்சு உடலெங்கும் பரவும், கருப்பை கிழிந்துபோவதும் உண்டு. சுவீடன் நாட்டில் வீட்டு நாய்களுக்குக் கருத்தடை செய்யும் வழக்கம் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. ஆதலால் அங்குள்ள காப்பீட்டுக் கணக்குகள் இந்நோயின் உண்மையான அளவைக் காட்டுகின்றன: பத்து வயது நிறைவதற்குள் ஏறத்தாழ நான்கு பெண் நாய்களில் ஒன்றுக்கு இந்நோய் வந்துவிடுகிறது.

"அறுவை செய்து கருப்பையை எடுத்துவிடுவதே சிறந்தது. நோய் அடியோடு போகும், மீண்டும் வராது" என்றார் மருத்துவர். இதனை நான் அம்மாவிடம் கூறியதும் அவர் செவலையைத் தம் மடியோடு அணைத்துக்கொண்டார்.

"கத்தி வேண்டாம்னு சொல்லு ஐயா."

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான், மருந்து நெடி வீசிய அக்காத்திருப்பு அறையில், நாற்பது ஆண்டுகள் அவர் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒன்றைக் கேட்டேன். நான் பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது அம்மா ஒரு மாதம் பாளையங்கோட்டையில் மருத்துவமனையில் இருந்தது எனக்கு நினைவுண்டு. வயிற்றுவலி என்று பெரியவர்கள் சொன்னார்கள். உண்மையில் அவருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் உதிரமும் வெள்ளையுமாகப் பட்டுக்கொண்டே வயல்வேலையும் வீட்டுவேலையும் பார்த்திருக்கிறார். மாமியாரிடம் சொல்ல அச்சம். கணவரிடம் சொல்ல வெட்கம். ஆண் மருத்துவரிடம் சொல்லவோ நினைத்துப் பார்க்கவும் முடியாது. மயங்கி விழுந்த பின்னரே தூக்கிச் சென்றிருக்கிறார்கள். "அறுத்த பொறவு ஆறு மாசம் எந்திரிக்க முடியல. இது எப்படித் தாங்கும்?" என்றார்.

இதனை மருத்துவரிடம் எவ்வாறு மொழிபெயர்ப்பேன்? ஆயினும் சொன்னேன். அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பற்றினார். பின்பு என்னிடம் நிதானமாக விளக்கினார். கத்தியின்றியும் ஒரு வழி உண்டு. ஆனால் அது எல்லா நாய்க்கும் பொருந்தாது. காய்ச்சலில் தளர்ந்து கிடக்கும் நாய்க்கும், சிறுநீரகம் பழுதுபட்ட நாய்க்கும் காத்திருக்க நேரமில்லை, உடனே அறுவைதான். மூடிய கருப்பையைச் சுருங்கச் செய்தால் அது கிழியக்கூடும். செவலைக்கோ ஐந்து வயதுதான். சீழ் வடிகிறது, ஆகவே வழி திறந்திருக்கிறது. சிறுநீரகக் கணக்கு இன்னும் கெடவில்லை. நாள்தோறும் வந்து காட்டுவதாயின், இடையில் நிலை தாழ்ந்தால் அன்றே அறுவைக்கு இசைவதாயின், முயன்று பார்க்கலாம். இந்த இரு நிபந்தனைகளையும் அம்மா ஏற்றார்.

மருந்தின் பெயர் குளோப்ரோஸ்டெனால். இது புரோஸ்டாகிளாண்டின் இனத்தைச் சார்ந்தது. இவ்வினத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் உல்ப் வான் ஆய்லர் 1935-இல் இதற்குப் பெயரிட்டார். விந்து நீரில் கண்டமையால் புரோஸ்டேட் சுரப்பியில் பிறப்பது என்று கருதி அவ்வாறு பெயர் வைத்தார். உடலின் எல்லாப் பகுதிகளிலும் இது பிறக்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. இத்துறை ஆய்வுக்காக பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன், ஜான் வேன் ஆகிய மூவரும் 1982-இல் நோபல் பரிசு பெற்றனர். உலகப் புகழ்பெற்ற அவ்வாராய்ச்சியின் ஒரு துளி, செம்பூர்ச் சந்து ஒன்றில் ஒரு தெருக்குட்டியின் உயிர் காக்க வந்து நின்றது.

இது செய்யும் பணி இரண்டு. சினைப்பையில் புரோஜெஸ்டரோனைச் சுரக்கும் பகுதியை அழிக்கிறது. கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்து சீழை வெளித்தள்ளுகிறது. இதற்குத் துணையாகக் காபர்கோலின் மாத்திரை. தாய்மார்க்குப் பால் சுரப்பை நிறுத்தக் கொடுப்பதும் இதுவேயாம். இவற்றோடு, சீழை வளர்த்துச் சோதித்துத் தேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், நரம்பு வழி உப்புநீரும் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் அக்லெப்ரிஸ்டோன் என்னும் மருந்தும் வழக்கில் உள்ளது. புரோஜெஸ்டரோன் சென்று அமரவேண்டிய இருக்கையில் இது முந்திச் சென்று அமர்ந்துகொள்ளும். கருப்பையின் கழுத்தையும் தளர்த்தித் திறக்கும். எங்கள் மருத்துவருக்கு அன்று அது கிடைக்கவில்லை.

முதல் ஊசி போட்ட சில நிமிடங்களில் செவலை மூச்சிரைத்தது, எச்சில் ஒழுகியது, வாந்தி எடுத்தது, வயிற்றைக் குறுக்கிக்கொண்டு முனகியது. இவை இம்மருந்தின் இயல்பான விளைவுகளே, ஒரு மணி நேரத்தில் அடங்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மெல்ல நடக்க வைத்தால் துன்பம் குறையும் என்றும் கூறினார். எழுபது வயதைக் கடந்த அம்மா, முழங்கால் வலியோடு, அம்மருத்துவமனை முற்றத்தில் செவலையைக் கயிற்றில் பிடித்தபடி மேலும் கீழும் நடந்தார். "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி" என்று அவர் சொல்லிக்கொண்டே நடந்தது, பிள்ளைப்பேற்று வலியில் தவிப்பவளுக்குச் சொல்வது போலவே இருந்தது. எண்ணிப் பார்த்தால் அதுவும் அவ்வலியே. கருப்பை சுருங்கும் வலி.

அந்நாட்களில் என் தங்கை மகள் ஐந்து மாதக் கருவோடு எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் இம்மருந்தின் அருகே வரவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாக உரைத்தார். தோலின் வழியே ஊடுருவிக் கருவைக் கலைக்கவல்லது அது. ஆஸ்துமா உள்ளவர்க்கும் கேடு தரும். ஆகவே ஊசியை எவரும் வீட்டில் போட்டுக்கொள்ள முற்படலாகாது. மருத்துவர் கையாலேயே போடப்பட வேண்டும்.

மூன்றாம் நாள் சீழ் முன்னிலும் மிகுதியாக வடிந்தது. நாங்கள் கலங்கினோம், அதுவே நற்குறி என்றார் மருத்துவர். ஐந்தாம் நாள் காலை செவலை தானாக எழுந்து வந்து அடுக்களை வாயிலில் நின்றது. அம்மா தயிர்ச்சோறு பிசைந்து வைத்தார். இரண்டு கவளம் உண்டது. ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தில் கருப்பை பெரிதும் சுருங்கியிருந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை மட்டும் நான்கு வாரம் தொடர்ந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கத்தியின்றி வென்றோம் என்று நானும் எழுதியிருப்பேன். ஆனால் மருத்துவர் முன்னரே சொல்லியிருந்த மற்றொரு செய்தி எஞ்சியிருந்தது. கருப்பை உள்ளவரை அடுத்த பருவமும் வரும், புரோஜெஸ்டரோனும் வரும், நோயும் திரும்ப வரக்கூடும். மருந்தால் தேறிய நாயை இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்போர் அடுத்த பருவத்திலேயே இணைசேர்த்துவிட வேண்டும் என்பது அதனாலேயே. குட்டி தேவையில்லை எனில், உடல் தேறியதும், அடுத்த பருவம் வருமுன் அறுவை செய்துவிடுவதே அறிவுடைமை. நோயுற்று நஞ்சேறிய உடலில் செய்யும் அறுவைக்கும், நலமுற்ற உடலில் செய்யும் அறுவைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இம்முறை அம்மாவே நெடுநேரம் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "என்னைய அறுக்கும்போது உயிரு ஊசலாடிக்கிட்டு இருந்துச்சு. இது இப்போ நல்லா இருக்கு. இப்பவே பண்ணிருவோம்." மே மாதம் அறுவை நடந்தது. மறுநாளே செவலை எழுந்து நடந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தனர். அதன்பின் எட்டு ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, 2022-இல் முதுமையால் மறைந்தது.

மருந்து அன்று எங்களுக்கு ஈட்டித் தந்தது காலம். அக்காலத்துக்குள் உடல் தேறியது, அச்சமும் தெளிந்தது. கத்தியில்லாச் சிகிச்சையின் பெருமையும் எல்லையும் இதுவே என்று கருதுகிறேன்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நால்வகைப்பட்டது மருத்துவம் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்துரைத்தார். விலங்கு மருத்துவத்தில் முதலாமவருக்கு வாயில்லை. எனவே நான்காமவரே அதற்கும் சேர்த்துப் பேச வேண்டியவராகிறார். நாய் வளர்க்கும் அன்பர்கள் பருவம் வந்த நாளைச் சுவரிலுள்ள நாள்காட்டியில் குறித்து வைக்கட்டும். அதன்பின் இரண்டு மாதம், நீர் மிகக் குடிக்கிறதா, உணவை மறுக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா, பின்புறத்தை ஓயாது நக்குகிறதா என்று நோக்கட்டும். பருவத்தைத் தள்ளிப்போட ஊசி போடலாம் என்று எவரேனும் சொன்னால் இசையாதிருக்கட்டும். அத்தகைய சுரப்பு மருந்துகள் இந்நோய்க்கு வழிகோலுபவை. குட்டி வேண்டாம் எனில், நோய் வரும்வரை காத்திராமல் அறுவை செய்துவிடட்டும். கண்டதைக் கூசாமல் மருத்துவரிடம் சொல்லட்டும்.

நாயைப் பற்றித் தொடங்கிய இப்பேச்சு அதனோடு நிற்பதன்று. பிழைப்பைத் தேடி மொழி தெரியாத ஊருக்கு வந்த நம் குடும்பங்களில், தாயும் பாட்டியும் தம் உடலின் நோயை மருத்துவரிடம் சொல்லப் பிள்ளைகளின் வாயையே நம்பியிருக்கின்றனர். மகனிடம் சொல்ல இயலாத நோய், மருத்துவரின் செவியை எட்டுவதே இல்லை. செவலை தேறிய செய்தி கட்டடம் முழுதும் பரவியபின், நண்பகல் வேளைகளில் எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வரத் தொடங்கினர். நாயைப் பார்க்க வந்ததாகத்தான் சொன்னார்கள். தமிழ் தெரியாத அடுத்த வீட்டுக் காகூவும், இந்தி தெரியாத அம்மாவும் என்ன மொழியில் பேசிக்கொண்டார்களோ, நான் அறியேன். ஒரு வாரம் கழித்துக் காகூ தம் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்று வந்தார். என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும்.